டீச்சருக்கும் பரீட்சைதான்!



"டீச்சர் வேலைக்கு என்ன குறைச்சல்? காலையில போனா சாயங்காலம் வீடு. சனி, ஞாயிறு லீவு. மே மாசம் முழுக்க லீவு. மாசம் பொறந்தா சம்பளம்!" குழாயடியிலும் கல்யாண வீட்டுப் பந்தியிலும் இந்தப் பேச்சைக் கேட்காதவர்கள் நம்மில் யாராவது இருக்கிறோமா? அதைப் பற்றித்தான் இந்த வாரம் கொஞ்சம் பேசலாம் என்று நினைக்கிறேன்.

எனக்குச் சொந்த ஊர், வாழ்க்கைப்பட்ட ஊர் இரண்டுமே கூமாப்பட்டிதான். ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம், வத்திராயிருப்பை ஒட்டி, மேற்குத் தொடர்ச்சி மலை அடிவாரத்தில் இருக்கிறது. பிளவக்கல் அணைத் தண்ணீரை நம்பி நெல்லும் தென்னையும் விளைகிற ஊர். 2025-ல் ஒரு இளைஞர் செல்போனில் எடுத்துப் போட்ட வீடியோவால் திடீரென்று தமிழ்நாடு முழுக்கப் பிரபலமாகிவிட்டது! அணையையும் தோப்பையும் பார்க்க எங்கெங்கிருந்தோ வண்டி பிடித்து வந்தார்கள். வந்தவர்கள் கண்ணில் படாத ஒன்று எங்கள் வீட்டுக்குள் ஒவ்வொரு வருஷமும் நடக்கிறது. ஜனவரியில் ஆரம்பித்து மே வரைக்கும் நீளும் அது. என் மருமகள் பத்தாம் வகுப்புக்குக் கணக்கு டீச்சர்!

பக்கத்து ஊர்ப் பள்ளி ஒன்றில் 2008-ல் வேலைக்குச் சேர்ந்தாள். நான் வீட்டோடு இருக்கிறவள். பரீட்சைக் காலம் வந்தால் ஒரு டீச்சருடைய உடம்பும் மனசும் என்ன பாடு படும் என்பதை அடுப்படியில் நின்றே இத்தனை வருஷம் பார்த்து வருகிறேன். பிள்ளைகளுக்குப் பரீட்சை பயம் என்று எல்லோரும் எழுதுகிறார்கள். நல்லதுதான். டீச்சருக்கு வருகிற பரீட்சை பயத்தைப் பற்றி யார் எழுதுவது?

அரையாண்டுத் தேர்வு முடிந்து பொங்கல் கழிந்ததுமே ஆரம்பித்துவிடும். முதல் திருப்புதல் தேர்வு, இரண்டாம் திருப்புதல் தேர்வு என்று வரிசையாக வரும். ஒவ்வொன்றுக்கும் பேப்பர் திருத்தி, மார்க்கைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, "யார் யார் தேற மாட்டார்கள்" என்று பட்டியல் எடுத்துக் கொடுக்க வேண்டும். காலையில் ஒரு ஸ்பெஷல் கிளாஸ், சாயங்காலம் ஒன்று. மார்ச், ஏப்ரலில் பொதுத்தேர்வு. சொந்தப் பள்ளியில் கண்காணிப்புக்குப் போட மாட்டார்கள். குலுக்கல் முறையில் வேறு ஊருக்குப் போக வேண்டும். பத்து மணிக்கு மணி அடித்ததும் வினாத்தாளைப் படிக்கவும் விவரங்களைச் சரிபார்க்கவும் கால் மணி நேரம். பிறகு பத்தே காலிலிருந்து ஒண்ணே காலு வரை பரீட்சை. அந்த மூன்று மணி நேரமும் நின்றபடிதான். கையில் செல்போன் கிடையாது. அந்த நேரம் பார்த்து வீட்டில் குழந்தைக்குக் காய்ச்சல் என்றால்கூடச் சொல்ல வழியில்லை.

அது முடிந்தால் விடைத்தாள் திருத்தும் முகாம். ஏப்ரல் வெயிலில் கட்டுக் கட்டாக வரும் பேப்பரைத் திருத்த வேண்டும். கூட்டலில் ஒரு மார்க் விட்டுப்போனாலும் விளக்கம் கேட்டுக் கடிதம் வரும். பிள்ளைகள் மறுகூட்டல் கேட்கலாம். பிளஸ் டூவில் விடைத்தாள் நகலையே வாங்கிப் பார்க்கலாம். அதைக் குறை சொல்ல மாட்டேன். ஒரு மார்க்கில் ஒரு பிள்ளையின் காலேஜ் சீட்டே மாறிப் போகிறதே! ஆனால் இத்தனையும் சுமக்கிறவர்களும் நம்மைப் போலக் காலையில் இட்லிக்கு மாவு கரைத்து வைத்துவிட்டுப் போகிற பெண்கள்தான் என்பதையும் நினைக்க வேண்டும், இல்லையா?

வேலை அதிகம் என்பதை அவள் பெரிதாக நினைப்பதில்லை. "வேலை எவ்வளவு வேணா செய்யலாம் அத்தே, இந்தச் சதவீதம்தான் தூங்க விட மாட்டேங்குது" என்பாள். அந்தச் சதவீதக் கணக்கை அவளே ஒருநாள் எனக்கு உட்கார்ந்து சொல்லிக் கொடுத்தாள். உங்களுக்கும் சொல்கிறேன். சின்னக் கணக்குதான்.

ஒரு வகுப்பில் 38 பிள்ளைகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். எல்லோரும் தேறினால் நூறு சதவீதம். மாலை, சால்வை, பாராட்டு விழா. ஒரு பிள்ளை தவறினால் 97.37. இரண்டு பிள்ளை தவறினால் 94.74. நாலு பிள்ளை தவறினால் 90-க்கும் கீழே! 2025-ல் எஸ்.எஸ்.எல்.சி.யில் மாநிலம் முழுவதற்கும் சேர்த்துத் தேர்ச்சி 93.80 சதவீதம். எங்கள் விருதுநகர் மாவட்டம் 97.45, சிவகங்கைக்கு அடுத்து இரண்டாம் இடம். அப்படி இருக்கும்போது 89, 90 என்று நிற்கிற பள்ளியை எப்படிப் பார்ப்பார்கள்? ஆக, சால்வைக்கும் விளக்கக் கடிதத்துக்கும் நடுவில் நிற்பது மூணு நாலு பிள்ளைகள்தான்.

எங்கள் மாவட்டத்துக்குப் படிப்பில் தனிப் பெருமை உண்டு. 1985-ல் பழைய ராமநாதபுரம் மாவட்டத்திலிருந்து பிரிந்து உருவான நாளிலிருந்து பல வருஷங்கள் பிளஸ் டூ தேர்ச்சி என்றாலே விருதுநகர் பெயர்தான் முதலில் வரும். நடுவில் வேறு மாவட்டங்கள் முந்தின. 2017, 2018-ல் மறுபடி முதலிடம். 2023-லும் 97.85 சதவீதத்தோடு முதலிடம். கேட்க நமக்கும் பெருமையாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தப் பெருமையின் பாரம் யார் தோளில் இறங்குகிறது என்று பாருங்கள். முதலிடத்தில் இருந்தால் அடுத்த வருஷமும் அதைக் காப்பாற்ற வேண்டும். இறங்கினால் ஏன் இறங்கியது என்று மாவட்டத்திலிருந்து கேள்வி வரும். அது தலைமை ஆசிரியருக்கு வந்து, அவரிடமிருந்து பாட ஆசிரியைக்கு வந்து சேரும்.

பிள்ளைகள் விஷயத்தில் நல்ல மாற்றங்கள் வந்திருக்கின்றன, இல்லை என்று சொல்லவில்லை. 2017-லிருந்து மாநில முதலிடம், இரண்டாமிடம் என்று பெயர் போட்டு அறிவிப்பதை நிறுத்திவிட்டார்கள். 2018-ல் புதிதாக வந்த பிளஸ் ஒன் பொதுத்தேர்வையும் 2025-26 கல்வியாண்டிலிருந்து எடுத்துவிட்டார்கள். 2019-ல் ஐந்தாம் வகுப்புக்கும் எட்டாம் வகுப்புக்கும் பொதுத்தேர்வு என்று அறிவித்தபோது ஊரே கலங்கியது. 2020 பிப்ரவரியில் அதைக் கைவிட்டார்கள். பிள்ளைகளுக்கு ரேங்க் போய்விட்டது. பள்ளிகளுக்கும் ஆசிரியர்களுக்கும் மட்டும் சதவீதம் அப்படியேதான் இருக்கிறது!

சரி, அந்த மூணு நாலு பிள்ளைகள் யார்? மக்குப் பிள்ளைகள் என்று நினைத்துவிடாதீர்கள். 2025-ல் என் மருமகளின் வகுப்பில் 38 பேர். அரையாண்டில் கணக்கில் தவறியவர்கள் பதினொரு பேர். பிப்ரவரிக்குள் எட்டுப் பேரைத் தேற்றிவிட்டாள். மிச்சம் மூன்று பேர். ஒரு பையன் முகூர்த்த நாள் வந்தால் கேட்டரிங் வேலைக்குப் போய்விடுவான். பந்தி பரிமாறினால் கையில் காசு. இன்னொரு பையன் அப்பா இறந்த பிறகு பள்ளிக்கு வருவதே இல்லை. மூன்றாவது ஒரு பெண்பிள்ளை. அம்மா ராஜபாளையம் பக்கம் நூற்பாலை வேலைக்குப் போகிறாள். கைக்குழந்தையான தம்பியைப் பார்த்துக்கொள்ள வீட்டில் நிறுத்திவிட்டார்கள்.

மூன்று பேர் வீட்டுக்கும் இவள் போய் வந்தாள். ஒரு தடவை இல்லை, நாலைந்து தடவை. பள்ளி முடிந்து, ஸ்பெஷல் கிளாஸ் முடிந்து, இருட்டின பிறகு. அந்தப் பெண்பிள்ளையின் அம்மா, "டீச்சர், எம் பொண்ணு பாசானா உங்களுக்குத்தான பேரு? எனக்குச் சோறு யாரு போடுவா?" என்று கேட்டிருக்கிறாள். அன்றைக்கு ராத்திரி இவள் சாப்பிடவில்லை. "அந்தம்மா கேட்டதுல தப்பே இல்லை அத்தே. ஆனா அந்தப் புள்ள நல்லாப் படிக்கும்" என்று மட்டும் சொன்னாள்.

2023 மார்ச்சில் பிளஸ் டூ தமிழ்ப் பரீட்சைக்கு மட்டும் சுமார் 50 ஆயிரம் பேர் வரவில்லை என்ற செய்தி வந்து எல்லோரும் அதிர்ந்தோமே, நினைவிருக்கிறதா? 50 ஆயிரம் என்பது செய்தி. அதற்குள்ளே இப்படித்தான் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒவ்வொரு வீடு, ஒவ்வொரு காரணம். பரீட்சைக்கு வராத பிள்ளையைத் தேடிப் போகிற கடைசி ஆள் பெரும்பாலும் ஒரு டீச்சர்தான்.

தேடிப் பிடித்துக் கொண்டுவந்த பிறகு என்ன சொல்லிக் கொடுப்பது? ஒரு வருஷப் பாடத்தை ஒரு மாதத்தில் எப்படி ஏற்றுவது? அதற்கும் ஒரு வழி வைத்திருக்கிறார்கள். கணக்குப் பேப்பர் நூறு மார்க், தேற 35. ஒரு மார்க் கேள்விகள் பதினாலு. வடிவியல் வரைதல் ஒன்றுக்கு எட்டு, வரைபடம் ஒன்றுக்கு எட்டு. புத்தகத்தில் உள்ள ஒரு மார்க் கேள்விகளையும் இந்த இரண்டு படங்களையும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டால் முப்பதை நெருங்கிவிடலாம். இரண்டு மார்க் கேள்வியில் மூன்று நாலு எழுதினால் பாஸ்! திரும்பத் திரும்ப இதையே எழுத வைப்பாள். பிள்ளை கரையேறிவிடும். ஆனால் இவள் முகத்தில் சந்தோஷம் இருக்காது. கணக்கு என்றால் அவளுக்கு உயிர். "வட்டம் போடத் தெரியுது, ஏன் அப்படிப் போடணும்னு தெரியலை. நான் கணக்குச் சொல்லித் தரலை அத்தே, மார்க் வாங்கச் சொல்லித் தர்றேன்" என்பாள். ராத்திரி பதினொரு மணிக்குப் பேப்பர்க் கட்டோடு உட்கார்ந்திருக்கும்போது அவளை வருத்துவது தூக்கத்தைவிட இதுதான்.

2025 மே 16-ல் ரிசல்ட் வந்தது. அந்தப் பெண்பிள்ளை கணக்கில் 52. கேட்டரிங் பையன் 38. அப்பா இல்லாத பையன் மட்டும் தவறிவிட்டான். 38-க்கு 37. மாநிலச் சதவீதத்தைவிட எவ்வளவோ மேல்! அடுத்து நடந்த மீளாய்வுக் கூட்டத்தில் அந்த ஒருவனைப் பற்றி மட்டும்தான் கேள்வி. "முப்பத்தேழு பேரைப் பத்தி ஒருத்தரும் கேக்கலை அத்தே" என்று வந்து உட்கார்ந்தாள். அந்தப் பையனை ஜூலை துணைத்தேர்வு எழுத வைத்தாள். தேறிவிட்டான், ஐ.டி.ஐ.யில் சேர்ந்துவிட்டான். ஆனால் அது மே மாதச் சதவீதத்தில் ஏறாதாம்! அந்தப் பையன் வாழ்க்கையில் ஏறிவிட்டது, அது போதும் என்று நான்தான் சொன்னேன்.

இது நம் ஊர்ச் சங்கதி மட்டும் இல்லை. அமெரிக்காவில் அட்லாண்டா என்று ஒரு நகரம். அங்கே பள்ளி மார்க்கை வைத்தே தலைமை ஆசிரியர்களையும் ஆசிரியர்களையும் எடைபோட்டார்கள். என்ன ஆயிற்று? பிள்ளைகள் எழுதிய தப்பான விடைகளை ஆசிரியர்களே அழித்துத் திருத்திவிட்டார்கள். 2011-ல் மாநில அரசின் விசாரணை அறிக்கையில் 44 பள்ளிகளைச் சேர்ந்த 178 பேர் பெயர் வந்தது. 2015-ல் 11 பேரைக் குற்றவாளிகள் என்று நீதிமன்றம் சொன்னது. அவர்கள் செய்தது தப்புதான், மன்னிக்க முடியாததுதான். ஆனால் ஒரே ஒரு எண்ணை வைத்து மனுஷர்களை நெருக்கினால் எதுவரைக்கும் போகும் என்பதற்கு இதைவிட வேறு பாடம் வேண்டுமா?

போதாக்குறைக்கு 2025 செப்டம்பர் 1-ல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு ஒன்று வந்தது. எட்டாம் வகுப்பு வரை பாடம் எடுக்கிறவர்களில், ஓய்வுபெற ஐந்து வருஷத்துக்கு மேல் பாக்கி உள்ளவர்கள் இரண்டு வருஷத்துக்குள் ஆசிரியர் தகுதித் தேர்வில் தேற வேண்டும் என்று. எந்தக் காலத்தில் வேலைக்குச் சேர்ந்திருந்தாலும் சரி! என் மருமகள் எட்டாம் வகுப்புக்கும் எடுக்கிறாள். பதினேழு வருஷம் பிள்ளைகளைப் பரீட்சைக்குத் தயார் செய்தவள் இப்போது தானும் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு உட்கார வேண்டியிருக்கிறது. ஏழாவது படிக்கும் என் பேத்தி, "ஊருக்கெல்லாம் கணக்குச் சொல்லித் தர்ற அம்மா எனக்கு எப்போ பாட்டி சொல்லித் தருவாங்க?" என்று கேட்கிறது. என்ன பதில் சொல்வது?

உடம்பும் சும்மா இருப்பதில்லை. தண்ணீர் குடித்தால் பாத்ரூம் போக வேண்டுமே என்று குடிக்காமலே இருந்து நீர்க்கடுப்பு. கத்திக் கத்தித் தொண்டைக்கட்டு. காலையில் டிபன் டப்பாவைத் தூக்கிக்கொண்டு ஓடி, சாயங்காலம் அப்படியே கொண்டுவருவது. நாற்பது வயதுக்குள் ரத்த அழுத்த மாத்திரை. இவளோடு வேலை பார்க்கிற பெண்கள் பலருக்கும் இதே கதைதான். அவர்களுடைய வீட்டுக்காரர்களும் இதே வேலை பார்க்கலாம். ஆனால் அவர்கள் வீடு திரும்பினால் காபி வரும். இவர்கள் திரும்பினால் அடுப்பு காத்திருக்கும்!

"சர்க்காரும் ஆபீசும் பார்க்க வேண்டிய விஷயத்துக்கு வீட்டில் இருக்கிற நாம் என்ன செய்ய முடியும்?" என்று கேட்பீர்கள். செய்யலாம் சகோதரிகளே! அந்த மூணு நாலு பிள்ளைகளின் வீடு நம் தெருவில்தானே இருக்கிறது? அந்த நூற்பாலை அம்மாவின் வீடு எங்களுக்கு இரண்டு தெரு தள்ளித்தான். பரீட்சை முடிகிற வரை அந்தக் கைக்குழந்தையை நாங்கள் நாலு வீட்டுப் பெண்கள் முறை வைத்துப் பார்த்துக்கொண்டோம். பெரிய தியாகம் ஒன்றும் இல்லை. பகலில் ஒரு தொட்டில் கட்டினோம், அவ்வளவுதான். சாயங்கால ஸ்பெஷல் கிளாஸ் முடிய ஆறரை மணி ஆகிவிடும். இருட்டில் வர வேண்டுமே என்று பெண்பிள்ளைகளை அனுப்பத் தயங்கினார்கள். தினம் ஒரு அம்மா போய் ஏழெட்டுப் பிள்ளைகளைச் சேர்த்துக் கூட்டி வந்தோம். பிள்ளைகள் கிளாசுக்கு வந்ததே டீச்சருக்குப் பாதி நிம்மதி.

பங்குனி மாதம் எங்கள் பக்கம் திருவிழா மாதம். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆண்டாள் திருக்கல்யாணம், பெரிய மாரியம்மன் பூக்குழி, விருதுநகரில் பங்குனிப் பொங்கல், ஊருக்கு ஊர் கொடை. சாமி காரியத்தைக் குறைக்கச் சொல்லவில்லை. பரீட்சை நடக்கிற வாரங்களில் ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் ரேடியோ செட்டை நிறுத்தச் சொல்லி விழாக் கமிட்டியிடம் நாம் கேட்கலாம். பெண்கள் பத்துப் பேர் சேர்ந்து போய்க் கேட்டால் யாரும் மறுக்க மாட்டார்கள். அம்மனும் கோபித்துக்கொள்ள மாட்டாள்!

டீச்சருக்கு ராத்திரி பத்து மணிக்குப் போன் போட்டு "எம் புள்ள எப்படிப் படிக்கிறான்?" என்று கேட்காதீர்கள். பகலில் ஒரு நடை பள்ளிக்குப் போய்க் கேளுங்கள். அதில் உங்களுக்கும் லாபம். ரிசல்ட் அன்றைக்கு டீச்சரைப் பார்த்தால், "எத்தனை பேர் பெயில்?" என்று ஆரம்பிக்காதீர்கள். தவறிய பிள்ளை இருந்தால் துணைத்தேர்வு உண்டு, அந்த வருஷமே மேலே சேரலாம் என்று அந்த வீட்டில் போய்ச் சொல்லுங்கள். கல்வி சம்பந்தமான சந்தேகத்துக்கு 14417, மனசு பாரமாக இருந்தால் 14416 அல்லது 104 என்று இலவச எண்கள் இருக்கின்றன. பிள்ளைகள் மட்டும் இல்லை, டீச்சர்களும் அழைக்கலாம். வெட்கப்பட இதில் ஒன்றும் இல்லை.

வீட்டில் டீச்சர் மருமகளோ மகளோ இருந்தால், ஜனவரி முதல் மே வரை சமையல் முறையை மாற்றிப் போடுங்கள். எங்கள் வீட்டில் மாவு ஆட்டுவது, காலை டிபன் என் பொறுப்பு. சாயங்காலப் பாத்திரமும் பேத்தியின் வீட்டுப்பாடமும் என் மகன் பொறுப்பு. மில் ஷிப்ட் முடிந்து வருகிறவன்தான். முதலில் முணுமுணுத்தான், இப்போது பழகிவிட்டது. தண்ணீர்ப் பாட்டிலும் டிபன் டப்பாவும் காலியாக வீடு திரும்புகிறதா என்று நான் தினமும் திறந்து பார்க்கிறேன். மாமியார் கெடுபிடி என்று யார் சொன்னாலும் சரி!

மேலே இருக்கிறவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். ஒரு பள்ளியின் சதவீதத்தைப் பார்க்கும்போது, வருஷ ஆரம்பத்தில் அந்தப் பிள்ளை எங்கே இருந்தான், முடிவில் எங்கே வந்தான் என்றும் பாருங்கள். வராத பிள்ளையைத் தேடிப் போக, வீடு வீடாகப் பேச, தனியாக ஒரு ஆள் போடுங்கள். ஜூலையில் தேறின பிள்ளையையும் கணக்கில் சேருங்கள். கணக்கு டீச்சரைக் கணக்குச் சொல்லித் தர விடுங்கள்.

உங்கள் ஊரில் பரீட்சைக் காலத்தில் அந்தக் கடைசி மூணு நாலு பிள்ளைகளுக்கு என்ன செய்கிறீர்கள்? உங்கள் தெரு டீச்சரை ஒருநாள் நிறுத்தி, "அந்தப் பிள்ளைகள் யார்?" என்று கேட்டுவிட்டு, தெரிந்ததை இந்தப் பகுதிக்கு எழுதுங்களேன். நாங்களும் கற்றுக்கொள்கிறோம்.

— ஒரு வாசகி, கூமாப்பட்டி